ஒரு மணி பத்து நிமிடப் பயணம்

காலை எட்டரைக்கு மெர்சி அவசரப்பட்டுச் சொல்லிவிட்ட ஒரு நேரம், அன்றைக்கு முழுக்க அவளை நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எட்டு பேர் வேலை செய்யும் சின்ன லேத் பட்டறை அது. பில் போடுவது, போன் எடுப்பது எல்லாம் மெர்சிதான். ஹைதராபாத் மருந்து கம்பெனி ஒன்றில் மாத்திரை மிஷின் நின்றுபோய், இவர்கள் கடைந்து தரும் உள்ளங்கை அகல உலோக வளையம் உடனே வேண்டுமாம். பட்டறையே அந்தக் கம்பெனியின் ஆர்டரில்தான் ஓடுகிறது. கூரியரில் போட்டால் நாளைக்குத்தான் போகும். சரி, ஃபிட்டர் சாலமோனே வளையத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பிளேனில் போகட்டும் என்று முடிவாயிற்று.

"எத்தனை மணிக்கு வருவார்?" என்று போனில் கேட்டார் அந்தக் கம்பெனி மேனேஜர் ஜனார்தனன்.

மெர்சி செல்போனில் தட்டிப் பார்த்தாள். சென்னை விமான நிலையத்துக்கும் ஹைதராபாத் விமான நிலையத்துக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பத்தரைக்கு ஒரு பிளேன், பறக்க ஒரு மணி பத்து நிமிடம்.

"பன்னெண்டுக்கெல்லாம் வந்துடுவாரு சார்!"

கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போக வேண்டாமா? ஆரம்பாக்கத்திலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறவளுக்கு ரோட்டு நெரிசல் எங்கே ஞாபகம் வரும்!

பதினொன்றரைக்கு சாலமோன் கூப்பிட்டார். "இப்பதாம்மா ஏர்போர்ட்டுக்குள்ள பூந்தேன். செங்குன்றத்துலயே ஒரு மணி நேரம் பூட்ச்சி. அடுத்த பிளேனு பன்னெண்டரைக்குதான். இது இன்னா வளையம்னு பைய வேற நோண்டிக்கினு கீறாங்கோ."

பக்கத்திலேயே நின்ற முதலாளி அன்புராஜிடம் மெர்சி விஷயத்தைச் சொன்னாள்.

"இப்ப ஏறிட்டாருன்னு சொல்லு. அப்பால எறங்கிட்டாருன்னு சொல்லு. அப்டியே தள்ளிக்கினு போ."

"பன்னெண்டு மணிக்கு அந்த சாரு கேட்டாண்ட வந்து பாப்பாரேண்ணே?"

"உன்ன யாரு பன்னெண்டுன்னு அளக்கச் சொன்னா?"

போன் அடித்தது. ஜனார்தனன்தான்.

"சார், தப்பு என்னுதுதான். பறக்கற நேரத்த மட்டும் சொல்லிட்டேன். செங்குன்றம் ரோட்ட உட்டுட்டேன். மூணரை ஆவும்" என்றாள் மெர்சி. அன்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"பன்னெண்டுன்னு நம்பி மிஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு எல்லாரும் சும்மா உட்காந்திருக்காம்மா. நானும் திருவள்ளூர்க்காரன்தான், செங்குன்றத்தைப் பத்தி எனக்கே தோணியிருக்கணும். நாலு மணிக்கு ஷிஃப்ட் முடியறது. அதுக்குள்ள வரலேன்னா ஆர்டரை இங்கேயே வேற பட்டறைக்குக் குடுத்துடுவேன்."

இரண்டு மணிக்கு சாலமோனைக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். இரண்டரைக்கும் அப்படியே, மூன்றுக்கும் அப்படியே. வாசல் கேட்டுக்கும் லேத்துக்குமாக நடந்து நடந்து அவள் கால் வலித்தது.

"பிளேனு எறங்கிச்சா, மேலயே சுத்திக்கினு கீதா?" என்றார் அன்புராஜ்.

"அது எப்பவோ எறங்கிடுச்சிண்ணே. மனுசனதான் காணோம்!"

மூன்று ஐம்பதுக்கு ஜனார்தனன் கூப்பிட்டார்.

"உங்க ஆளு வந்து வளையத்தை மாட்டிண்டிருக்கார். பிளேன்ல போனை அணைக்கச் சொன்னாளாம். திரும்பப் போடச் சொல்லி யாரும் சொல்லலையாம்!"

மெர்சிக்குச் சிரிப்பும் வரவில்லை. "ஆர்டரு சார்?"

"மிஷின் ஓடினா உங்களுக்குத்தான். இருங்கோ."

போனுக்குள் ஏதோ கடகடவென்றது. நின்றது. மெர்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுபடி கடகடத்தது, இந்தத் தடவை நிற்கவே இல்லை. அவள் போனை அன்புராஜின் காதில் வைத்தாள்.