ஒன்றுகூடத் தவறாது

அன்று மாலை ஐந்தரைக்கு முதலியார்பேட்டை அலுவலகத்தில் இருந்தவர்கள்: இணைய இணைப்பு விற்கும் கிறிஸ்துதாஸ், அவரிடம் வேலை பார்க்கும் ஹாதி, லேப்டாப்போடு சண்டைக்கு வந்த பிரெஞ்சு டீச்சர் பெர்னதெத். கிறிஸ்துதாஸின் பெருமையையும் சேர்த்தால் நாலு பேர். பெரிய நாற்காலி அதற்குத்தான்.

"ஆறு மணிக்கு ஒரு வேலைக்காக ஆன்லைன்ல மாதிரி கிளாஸ் எடுக்கணும். கேள்வி கேட்டா பதில் மூணு செகண்ட் கழிச்சி வருது. இன்னைக்கும் இப்பிடின்னா வேலை கெடைக்காது. இங்கயே ஒக்காந்து எடுக்கறேன், நீங்களே பாருங்க," என்றாள் பெர்னதெத்.

கிறிஸ்துதாஸ் சுவரைக் காட்டினார். 'ஒரு பாக்கெட்கூடத் தவறாது' என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. "ஸ்பீடு நூறு வருது டீச்சர். ஒங்க லேப்டாப்புதான் கெழம்."

அவர் கேபிள் டிவி நடத்திய காலத்தில் படம் நின்றால் தெருவே திரண்டு வந்து அவரைத் திட்டும். அந்தப் பயத்தில், பாக்கெட் பாக்கெட்டாக வரும் தகவல்கள் வரிசையில் காத்திருக்கும் இடமான ரவுட்டர் பஃபரை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்.

"அண்ணே, சாயங்காலம் எல்லாரும் வீடியோ ஏத்துறாங்க. அத்தனையும் உள்ள குமிஞ்சி நிக்குது, டீச்சர் பேச்சு அதுக்குப் பின்னால நிக்குது. பஃபரக் கொறைச்சா கொஞ்சம் பாக்கெட் தவறி விழும். விழுந்தாதான் அனுப்புறவன் நிதானமா அனுப்புவான். விழுந்ததத் திரும்பவும் அனுப்பிடுவான்," என்றான் ஹாதி.

"கஸ்டமர் சரக்கக் கீழ கொட்டச் சொல்றியா? தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீன் பொட்டியக் கொட்டிப் பாரு, மாலை போடுவாங்க."

"குமிச்சி வெச்சாலும் நாறத்தாண்ணே செய்யும்."

"காலேஜ முடிக்காதவன் எனக்குப் பாடம் எடுக்காத."

அவர் டீ குடிக்கப் போனார். ஹாதி பஃபரைக் குறைத்தான். ஆறு மணிக்கு பெர்னதெத் பாடத்தைத் தொடங்கினாள். கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது. ஆறரைக்கு வேலை உறுதியானது.

"மெர்சி, முசியே! லைன் இன்னைக்குப் பிரமாதம்!" என்று டீயோடு திரும்பிய கிறிஸ்துதாஸிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஹாதி பக்கம் அவள் பார்வைகூடப் போகவில்லை.

கிறிஸ்துதாஸ் பூரிப்போடு திரையைப் பார்த்தார். தவறிய பாக்கெட்டுகள்: நாலாயிரத்துப் பதினேழு.

"எவன்டா கை வெச்சது?"

"நான்தாண்ணே. ஒழுங்காப் போய்ச் சேந்தது கோடிக்கணக்குல. டீச்சருக்கு வேலை கெடைச்சதே அதாலதான்."

"என் லைன்ல நாலாயிரம் விழுந்திருக்குடா!" அழாத குறையாக அவரே பஃபருக்குப் பழைய எண்ணைத் தட்டினார். "சாவிய வெச்சிட்டுக் கெளம்பு."

"நாளைக்கு அவங்க கிளாஸ்?"

"லேப்டாப்ப மாத்தட்டும்."

சாவியை மேசையில் எறிந்துவிட்டு ஹாதி வெளியே வந்தான். பின்னால் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டார் கிறிஸ்துதாஸ்.