பிப்ரவரி 29-க்கு இரண்டாவது ஆதாரம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு நாளை எண்ண மறந்ததில் பிறந்தது.

நான் வேதியியல் படித்தவள். வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். தினமும் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டிதான் எங்கள் சரக்கு. ஒவ்வொரு தாளிலும் பெரிய தேதிக்குக் கீழே ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு வரி வரும். அதை எழுதுவது நான். மார்ச் 13, 1781: யுரேனஸ் கண்டறியப்பட்டது. நவம்பர் 8, 1895: எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. ஏப்ரல் 12, 1961: மனிதன் முதன்முதலாக விண்வெளிக்குப் போனான். இப்படி வருடம் முழுக்க.

இரண்டு புத்தகங்களில் இல்லாத எதையும் எழுதுவதில்லை என்று சேர்ந்த அன்றே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதலாளிக்கு இது விளங்கவில்லை.

“ஒரு வரிக்கு ரெண்டு புத்தகமாம்மா? தப்பா இருந்தா யாரு சண்டைக்கு வரப் போறா, யுரேனஸா?”

நான் பதில் சொல்லவில்லை. நான் பொதுவாகவே பதில் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய்க் குளியலறையில் சொல்வேன். அங்கே நான் பெரிய பேச்சாளி.

2

கதையைத் தொடங்கிப் பார்த்த இடங்கள்:

அவர் சிரிக்கவே மாட்டார் என்பதை நான் முதலில் கவனித்தது ஒரு மழை நாளில்

(மழை பெய்ததா? நினைவில்லை. ஆதாரம் இல்லை. விட்டுவிட்டேன்.)

காலம் என்பது ஒரு மாபெரும்

(என் கை ஏன் இப்படியெல்லாம் செய்கிறது?)

எதிர் மேசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

அவர் பக்க வடிவமைப்பாளர். அச்சகத்தில் அவரைக் கூப்பிடுவது ‘கல்வெட்டு’ என்று. சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதலாளி படியில் கால் தவறி, கையிலிருந்த மாதிரி அட்டைகளோடு உட்கார்ந்தபடியே கீழ்த்தளம் வரை போன அன்றுகூட இவர் எழுந்துபோய் அட்டைகளைப் பொறுக்கி, தேதி வாரியாக அடுக்கி வைத்தார்.

உயரம் ஐந்து அடி பதினொன்று என்று முதலில் எழுதியிருந்தேன். பிறகு சந்தேகம் வந்தது. அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அலமாரியை அளந்து, அவர் தலை எந்தத் தட்டு வரை வரும் என்று கணக்குப் போட்டேன். ஐந்து அடி ஏழு. அழகு விஷயத்தில் இரண்டாவது ஆதாரம் கேட்டேன். எங்கள் மெய்ப்புத் திருத்துபவரை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பவரை, எல்லோரும் முற்றுப்புள்ளி அக்கா என்பார்கள்.

“அழகா? அவனா?” அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு எதிர் மேசையைப் பார்த்தார். “காது பரவாயில்லை.”

ஆகவே கதையில் காது மட்டும் அழகாக இருக்கட்டும்.

3

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் கதை புரியாது.

ஒரு தேதிக்குச் சரியான நிகழ்வு கிடைக்கும் வரை அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. பக்கம் கலைந்துவிடும். அதனால் அதே நீளத்தில் ஒரு போலி வரியைப் போட்டு வைப்போம். வருடத்துக்கு நான்கு சுழியம். எனக்கு முன்னால் இருந்தவர் ‘அஅஅஅஅ’ என்று தட்டி வைப்பாராம். எனக்கு அது மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணெதிரே இருந்ததை எழுதினேன்.

0000: எதிர் மேசைக்காரர் ஒரே காலையில் நான்கு தேநீர் குடித்தார்.

0000: எதிர் மேசைக்காரரின் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப்போனது.

இவ்வளவு துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்: “நான் எதையும் படிக்க மாட்டேங்க. வரியோட நீளத்த மட்டும்தான் பார்ப்பேன்.” நம்பினேன். ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான். மற்றதெல்லாம் “சேமிச்சாச்சா?”, “ஆச்சு.” ‘ஆச்சு’ நான்.

நிகழ்வுகள் கிடைக்கக் கிடைக்கப் போலி வரிகளை எடுத்துக்கொண்டே வந்தேன். பிப்ரவரி 29-க்கு மட்டும் வழக்கு இழுத்தது. 1504-ஆம் ஆண்டு, சந்திர கிரகணம் வரப்போவதை முன்கூட்டியே சொல்லி, ஒரு தீவின் மக்களைக் கொலம்பஸ் மிரட்டிய நாள் அது. ஒரு புத்தகம் பிப்ரவரி 29 என்றது, இன்னொன்று மார்ச் 1 என்றது. இரண்டும் சரி. தீவில் மாலையாக இருந்தபோது ஐரோப்பாவில் நள்ளிரவு தாண்டிவிட்டது. யார் கடிகாரத்தை எடுத்துக்கொள்வது? அப்புறம் முடிவு செய்யலாம் என்று ஒரு வரி போட்டு வைத்தேன்:

0000: எதிர் மேசைக்காரர் முதன்முதலாகச் சிரித்தார்.

சரிபார்க்கும் பட்டியலைப் போன வருடத்துப் பட்டியலிலிருந்து நகல் எடுத்திருந்தேன். அதில் 365 கட்டங்கள். அத்தனையிலும் டிக் போட்டேன். இது 2024. இதற்கு 366.

அறிவியல் பட்டதாரி. முதல் வகுப்பு. இருபதாயிரம் பிரதிகள்.

4

தெரியவந்தது ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் தாள் கிழிப்பது சித்தியின் உரிமை. வரியை உரக்கப் படித்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைப்பார். வருடத்தை மட்டும் படிக்க மாட்டார். “வருஷம் யாருக்கு வேணும்? நடந்துச்சு, அவ்வளவுதானே” என்பார். அன்றைக்குப் பல் மருத்துவர் கொடுத்த தேதியைக் குறிக்க, தாள்களை முன்னால் புரட்டினார்.

“ஏய், இங்க வா. இது யாருடி எதிர் மேசைக்காரர்?”

கையிலிருந்த தட்டு விழுந்தது. எவர்சில்வர் தட்டு. விழுந்த சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

“ஏதோ… பெரிய விஞ்ஞானி, சித்தி.”

“சிரிச்சதுக்கா பேரு வாங்கினான்?”

“அந்தக் காலத்துல அதெல்லாம் அபூர்வம்.”

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வருடத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் ‘பல்’ என்று எழுதினார்.

மறுநாள் மதிய இடைவேளையில் திட்டம் போட்டேன். இருபதாயிரம் வீடுகளை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அலுவலகத்தில் நாள்காட்டி ஒன்றுதான். அது எதிர் மேசைக்கு மேலே தொங்குகிறது. தினமும் பத்து மணிக்கு அவர்தான் கிழிப்பார். பிப்ரவரி 29-ஐ மட்டும் உருவிவிட்டால் போதும். நாற்காலி மேல் ஏறினேன். தாளைப் பிடித்தேன். அப்போதுதான் வருடத்தைப் பார்த்தேன்.

நான் போட்டது 0000. அச்சில் இருந்தது 2024.

(இந்த இடத்தில் வாசகர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நான் நாற்காலி மேல் நான்கு நிமிடம் நின்றேன்.)

“அங்க என்னம்மா பண்றே?” முற்றுப்புள்ளி அக்கா, கையில் சாப்பாட்டு டப்பாவுடன்.

“தேதி பார்த்தேன் அக்கா.”

“இன்னிக்குத் தேதி மேலேயே இருக்கே.”

இறங்கினேன். கேட்டுவிட்டேன். “அக்கா, இருபத்தொன்பதாம் தேதியில வருஷத்த நீங்க மாத்தினீங்களா?”

“எண்ணுல நான் கையே வைக்க மாட்டேன். எழுத்துப் பிழை இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? எனக்கு அந்த வரி பிடிச்சுது. மத்ததெல்லாம் சண்டை, சாவு, ராக்கெட்.”

முதலாளி தன் தொலைபேசி எண் சரியாக வந்திருக்கிறதா என்பதைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. அச்சு இயந்திரத்துக்கு வருடம் போடத் தெரியாது. நானும் இல்லை. மிச்சம் ஒருவர்தான். நீளத்தை மட்டும் பார்ப்பவர்.

5

இப்போது உங்களுக்கும் எனக்கும் ஒரே கேள்வி. ஏன் போட்டார்?

முதல் கருதுகோள்: நான்கு சுழியம் விகாரமாக இருந்தது, கைக்கு வந்த எண்ணைப் போட்டார். அப்படியானால் கதையே இல்லை. நீங்கள் எழுந்து போகலாம். நானும் வேறு வேலை தேடலாம், வெட்கத்தில்.

இரண்டாவது: படித்தார். எல்லாவற்றையும் படித்தார். தேநீர், பொத்தான் எல்லாவற்றையும். படித்துவிட்டு, இன்னும் நடக்காத ஒன்றுக்குத் தேதி போட்டார், கொலம்பஸ் கிரகணத்துக்குப் போட்டதைப் போல. ஆனால் மிரட்டுவதற்கு அல்ல.

இரண்டாவதாக இருந்துவிட்டால்? அதனால்தான் தாளை நான் கிழிக்கவில்லை. ஒன்றரை மாதமாகத் தினமும் அவர் கிழிக்க, அது மேலே வந்துகொண்டே இருக்கிறது.

ஒன்று நிச்சயம். தேதி அச்சாகிவிட்டது. அன்றைக்கு அவர் சிரிக்காவிட்டால், என் வேலையில் முதன்முதலாக ஒரு பொய் நிரந்தரமாகிவிடும். அடுத்த பிப்ரவரி 29-க்கு நான்கு வருடம் காத்திருக்க என்னால் ஆகாது. ஆகவே சிரிக்க வைக்க வேண்டும். சித்தியிடம் ஒத்திகை பார்த்தேன்.

“சித்தி, ஹீலியம்கிட்ட ஏன் யாரும் ரகசியம் கேக்கறதில்ல? அது யாரோடயும் சேராது!”

சித்தி யோசித்தார். “இது ஜோக்கா, வீட்டுப்பாடமா?”

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் சிரிக்கிறார். கூரை அதிர்கிறது. முதலாளி மறுபடி படியில்

(அளவு மீறுகிறது.)

(ஆ) அவர் சிரிக்கவில்லை. தாளைக் கிழித்துக் கசக்கி

(இதை என்னால் எழுத முடியாது. உண்மையாகவே விரல் நகரவில்லை.)

(இ) நான் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுக்கிறேன்.

(இதற்கு மட்டும் ஏராளமான முன்னுதாரணம் இருக்கிறது.)

6

பிப்ரவரி 29, வியாழன். காலை 9.52. என் மேசை.

காலையில் சித்தி இன்றைய தாளையே கிழித்து, உரக்கப் படித்து, மடித்து என் பைக்குள் வைத்தார். “உன் விஞ்ஞானிகிட்ட கொடு. ‘பல்’னு நான் எழுதினதையும் காட்டு. சிரிக்கப் பல்லு வேணும்ல?” எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

9.57. வந்துவிட்டார். பொத்தான்கள் சரியாக இருக்கின்றன.

9.59. நாள்காட்டி முன்னால் நிற்கிறார். வழக்கமாக நிற்க மாட்டார்.

10.00. இருபத்தெட்டைக் கிழித்தார். படிக்கிறார். திரும்பவில்லை. காதின் நுனி சிவக்கிறது. (அக்கா சொன்னது சரி, பரவாயில்லாத காது.)

நான் எழுந்து நின்றேன். ஹீலியம் மறந்துபோயிற்று. அத்தனை ஒத்திகையும் போயிற்று. குளியலறையில் இருந்த அந்தப் பேச்சாளி மட்டும் எப்படியோ அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

“அந்த வருஷத்தப் போட்டது யாரு?”

“நான்.”

“நீளத்த மட்டும்தான் பார்ப்பேன்னீங்க.”

“பார்த்தேன். சரியா இருந்துச்சு.”

பக்கத்து மேசையில் முற்றுப்புள்ளி அக்காவின் பேனா நின்றது.

“ஆதாரம்?” என்றேன்.

“இன்னிக்கு வந்துரும்ங்க. நாள் முழுக்க இருக்கே.”

நான் பையிலிருந்து சித்தியின் தாளை எடுத்து நீட்டினேன். ‘பல்’. அவர் அதைப் பார்க்கிறார். நான் நின்றபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய இடது கன்னத்தில், இதுவரை எந்தப் புத்தகமும் குறிப்பிடாத ஓர் இடத்தில், ஏதோ

ஒரு சிக்கல். எழுதினால் தாளைப் பார்க்க வேண்டும். அவரைப் பார்த்தால் எழுத முடியாது. ஐந்து மாதம் தாளையே பார்த்துவிட்டேன்.

என் விதி உங்களுக்குத் தெரியும், இரண்டு ஆதாரம் வேண்டும். முதல் ஆதாரம் நான், பேனாவை இதோ கீழே வைக்கிறேன். இந்த வரியை இரண்டாவதாக எழுத வேண்டியவர் நீங்கள். வருடம் போட்டாயிற்று, மிச்சத்தை நீங்கள் நிரப்புங்கள்:

2024: எதிர் மேசைக்காரர்