இடமுறுக்குப் பிள்ளை

மலேசியாவில், சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தனலெட்சுமிக்குப் பிறந்த பெண் குழந்தை யார் கையிலும் நிற்கவில்லை. தூக்கியவர் விரல்களிலிருந்து விலாங்கு மீன் போல நழுவிப் பாயில் விழுந்தது. தாதியின் கையிலும் அப்படித்தான். தனலெட்சுமி ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தாள். அணைக்கப் போனால் கை வெறும் பாயை அணைத்தது. மூன்றாம் மாதம் குழந்தையின் முதுகில் படுக்கைப் புண் வந்தது.

கூடையில் வைத்து சிரம்பானுக்குக் கொண்டுபோனாள். இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வகத்து ஃபாத்தின் அவளை உட்கார வைத்து விளக்கினாள். உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழை வலப்பக்கமாக முறுக்கியிருக்கும். எல்லோருக்கும் அங்கங்கே சற்று நேரம் இடப்பக்கம் திரும்பும். இந்தக் குழந்தைக்கு முழுக்கவே இடமுறுக்கு. இழையைப் பற்றும் புரதங்கள் எழுத்தை மட்டும் படிப்பதில்லை, வளைவையும் தடவிப் பார்க்கின்றன. பழகாத வளைவென்றால் பல விட்டுவிடும். இடமுறுக்கை அடையாளம் கண்டு பிடிக்கிற புரதங்கள் சில உண்டு. "உள்ள எப்படியோ வெளியவும் அப்படித்தான்க்கா. பொருந்துற கை ஒண்ணு இருக்கும்."

தோட்டமே வந்து தூக்கிப் பார்த்தது. கணக்கெழுதும் கிராணி, பூசாரி, கடைக்கார நஜிமுதீன். இடக்கைக்காரி மயிலம்மாளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. பீச்சாங்கையால் பிள்ளையைத் தூக்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். அவள் பாலுக்காக ரப்பர் மரப் பட்டையை வெட்டியதும் அந்தக் கையால்தான். எல்லோரும் வெட்டுக் கோட்டை இடமிருந்து வலமாக இறக்க, அவள் வலமிருந்து இடமாக இறக்கினாள். அப்படி வெட்டினால் பால் குறையும். பக்கத்து நிரையில் வெட்டிய தனலெட்சுமிதான் அதை மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொன்னாள். மயிலம்மாளைப் புல்லைக் கொல்லும் மருந்தடிக்கப் போட்டார்கள். மூன்று வருடத்தில் மருந்து பட்டு அவள் விரல் நகங்கள் போய்விட்டன.

தனலெட்சுமி அவள் வாசலில் போய் நின்றாள்.

"ஓ, மண்டோர் ஆளா? இப்ப நான் மருந்தடிக்கிறதும் கோணலா?"

"பிள்ளைய ஒரு தடவ தூக்கிப் பாருக்கா."

"பீச்சாங்கைடி. பரவால்லையா?"

"பரவால்லக்கா."

"இப்ப உனக்கு எல்லாம் பரவால்லதான்லா."

நகமில்லாத விரல்கள் முதுகுக்கடியில் போயின. குழந்தை நழுவாமல் கையில் நின்றது. தனலெட்சுமி பாய்ந்து வாங்கினாள், நழுவியது. பாயில் விழுமுன் மயிலம்மாளின் இடக்கை பிடித்துக்கொண்டது.

இழையைப் பிடிக்க முடியாத புரதம், அதைப் பிடித்திருக்கும் இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு என்று ஃபாத்தின் போனில் சொன்னாள். தனலெட்சுமி மயிலம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதன் வழியாகப் பிள்ளையின் சூடு வந்தது.

மயிலம்மாள் அவளை மன்னிக்கவில்லை. ஆனாலும் தினமும் மருந்தடித்து முடித்ததும், மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்க வருகிறாள்; தனலெட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. அம்மா எங்கே என்று கேட்டால், மயிலம்மாளின் மணிக்கட்டைக் காட்டுகிறது.