மாட்டுக்குப் போட்ட சிப்பி ஊசி

ஜீவராணி ஊருக்கு வந்ததே தப்பு. கடலோரத்திலிருந்து நேரே கண்டிக்குப் போக வேண்டியவள், வழியில் ரம்புக்கனையில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மேலே இருக்கிற தோட்டத்துக்கு வந்துவிட்டாள். ஒரு வேளை அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்ற ஆசை. ஆசை யாரை விட்டது?

அவள் கையில் பால் கேன் மாதிரி ஒரு சின்னக் குடுவை இருந்தது. மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வரும். உள்ளே நைட்ரஜன் திரவம். அதற்குள் ஈர்க்குத் தடிப்பில் மஞ்சள் குழாய்கள். குழாய்களுக்குள் ஓர் ஆண் சிப்பியின் விந்து உறைந்து கிடந்தது. விந்து எந்தப் புரதத்தைக் கொண்டு முட்டையைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆராய்ச்சி. "படிச்சுப் படிச்சுக் கடைசியில சிப்பிக்குப் பிரசவம் பாக்கப் போயிட்டா" என்று அப்பா அழகமுத்து தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அது பெருமையா கேலியா என்று அவருக்கே தெரியாது.

அன்று கொட்டிய மழையில் தோட்டத்துக்குக் கீழே மண் சரிந்து பாதை மூடிவிட்டது. பஸ் இல்லை. குடுவையிலோ திரவம் வற்றிக்கொண்டே வந்தது. அது தீர்ந்தால் விந்து உருகிச் செத்துவிடும். ஜீவராணி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அம்மா வெள்ளையம்மாதான் ஜுனைதீன் நானாவின் பெயரைச் சொன்னாள். தோட்டத்துக் கடைவீதியில் குடியிருக்கும், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஜுனைதீன், மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். காளை விந்து வைத்திருக்கும் அவருடைய பெரிய கேனிலும் இதே திரவம்தான்.

"வைங்க தங்கச்சி. என்ட காளைங்க ஒங்கட சிப்பியக் கடிச்சிடாது" என்று சிரித்துக்கொண்டே குழாய்களை வாங்கி வைத்தார். ஜீவராணி அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் சுட்டி கத்தத் தொடங்கியது. சுட்டி வெள்ளையம்மாவின் பசு. தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து நின்ற பிறகு அவளுக்குத் தொழிலும் அதுதான், பேச்சுத் துணையும் அதுதான். புருஷனிடம் சொல்லாததையெல்லாம் மாட்டிடம் சொல்லுவாள். மாடு எதிர்த்துப் பேசாது. ஆனால் முன்பு போட்ட ஊசி எதிலும் சினை பிடிக்கவில்லை. "இந்தத் தடவையும் நிக்கலைன்னா வித்துருவோம். வெறும் வயித்துக்குப் புல்லு அறுக்க என்னால ஏலாது" என்று அழகமுத்து சொல்லிவிட்டார். மாட்டு வியாபாரியிடம் வாக்கும் கொடுத்தாயிற்று. வியாபாரி கையில் போன மாடு எங்கே போகும் என்பது வெள்ளையம்மாவுக்குத் தெரியும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

மாடு பருவத்துக்குக் கத்துகிறது என்று ஜுனைதீனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அப்பாவும் மகளும் பாதை வெட்டுவதைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்தால், கொட்டகை வாசலில் ஜுனைதீன் நனைந்த கோழியாக நின்றார். கையில் ஒரு வெறும் மஞ்சள் குழாய்.

"தங்கச்சி, பெரிய பிழை ஒண்டு நடந்துட்டு. மழையில கண்ணாடி மறைச்சிட்டு. என்ட ஜேர்சிக் காளைக் குழாயும் மஞ்சள், ஒங்கடதும் மஞ்சள். ஊசியப் போட்டு முடிஞ்சு பாக்குறேன், காளை நம்பர் இல்ல, ஒங்கட எழுத்து ஈக்கிது."

உண்மையைச் சொல்ல வேண்டும்: ஜீவராணியின் மனம் முதலில் ஓடியது மாட்டிடம் அல்ல, குழாயிடம். அந்தச் சிப்பியை அறுத்துத்தான் விந்து எடுத்தார்கள். இனி அது கிடைக்காது.

"மத்தக் குழாயெல்லாம்?"

"எல்லாம் அப்புடியே ஈக்கிது. இந்த ஒண்டுதான்."

அப்பாடா என்று மூச்சு விட்டுத் திரும்பியவள், அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாடி பொறக்கும்?" என்றாள் வெள்ளையம்மா. "சுட்டி வயித்துல இனி என்னாடி பொறக்கும்?"

"ஓடு வச்ச கன்னுக்குட்டி" என்றார் அழகமுத்து. வெள்ளையம்மா பார்த்த பார்வையில் அவர் பீடியைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார்.

ஜுனைதீன் கெஞ்சினார். பொழுது சாயும் வரைக்கும் மாட்டுக்குப் பருவம் இருக்கிறது, சரியான ஊசியை இப்போதே போட்டுவிடலாம் என்றார். வெள்ளையம்மா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு உள்ள போயிருச்சு. அதுக்கு மேல இன்னொண்ணா? ரெண்டும் கலந்து என் மாடு செத்துச்சுன்னா? கிட்ட வராதீங்க நானா." இன்று போடாவிட்டால் வியாபாரி வந்துவிடுவான் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பயம் விடவில்லை.

இப்போது எல்லாம் ஜீவராணியின் வாயில் இருந்தது. வாயோ பல்கலைக்கழகத்து வாய்.

"அம்மா, விந்தணுவோட தலையில ஒரு பிணைப்புப் புரதம் இருக்கு. அது முட்டையோட மேலுறையில உள்ள ஏற்பியோட..."

"தமிழ்ல பேசுடி!"

ஜீவராணி வேறு பக்கமாக வந்தாள். "கடல்ல ஆணும் பொண்ணும் சேர்றதே இல்லம்மா. சிப்பி, மட்டி, நட்சத்திர மீன், எல்லாத்தோடதும் ஒரே தண்ணியில கலந்து மெதக்கும். அந்தக் கூட்டத்துல நம்ம ஆளு யாருன்னு அந்தப் புரதம்தான் பாத்துப் பிடிக்கும். மத்தத தொடவே தொடாது."

"அது கடலு. இது வயிறு. உள்ள போனது போனதுதான்."

ஜீவராணி சோர்ந்து போய் மாட்டுத் தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். கொட்டகைக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் மழைத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு நின்றன. வெள்ளையம்மா கல்யாணமான புதிதில் ரப்பர் நாற்று மேடையில் வேலை செய்தவள். நல்ல மரத்தின் மொட்டுக் கண்ணைச் சீவி எடுத்து நாற்றில் வைத்து ஒட்டுக் கட்டுவதில் கைராசிக்காரி என்று பெயர்.

"அம்மா, ரப்பர் கண்ண எடுத்துப் பலாக் கன்னுல கட்டினா ஒட்டுமா?"

"பைத்தியமா ஒனக்கு?"

"ஏன், ரெண்டுலயும்தான் பால் வடியுதே."

"பால் வடிஞ்சா போதுமா? ரப்பருக்கு ரப்பர்தான் ஒட்டும். பலாவுல வச்சா காஞ்சு விழுந்துரும்."

"பலாக் கன்னு செத்துருமா?"

"அதுக்கென்னா வந்துச்சு? அது பாட்டுக்கு வளரும். பொறவு பலாக் கண்ணே வச்சுக் கட்டினாலும்..."

வெள்ளையம்மா நிறுத்தினாள். மாட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"அப்ப, இதுவும் ஒட்டியிருக்காதுங்கிறியா?"

"ஒட்டாதும்மா. மாட்டுச் சூட்டுக்கு அது இந்நேரம் செத்தே போயிருக்கும்."

வெள்ளையம்மா சுட்டியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு கயிற்றைத் தளர்த்தினாள்.

"நானா, இந்தத் தடவ கண்ணாடியத் தொடச்சிட்டுப் போடுங்க."

பாதை திறந்ததும், ஜுனைதீன் குடுவை நிறையத் திரவம் ஊற்றிக் கொடுக்க, ஜீவராணி கண்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஆய்வுகூடத்தில் விந்தை உருக்கி, கடல் தண்ணீரில் கிடந்த முட்டைகளோடு சேர்த்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், விந்தணுக்கள் முட்டையை மொய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தன. முட்டை பிளந்து ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. மறுநாள் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகள் ஓடு கட்டத் தொடங்கியிருந்தன. அதுவரைக்கும் அவற்றுக்கு வெளியிலிருந்து யாரும் எதுவும் ஊட்டவில்லை. தாய்ச் சிப்பி முட்டையை விட்டதோடு போய்விட்டது. ஆனால் பிள்ளை தானாக வாய் திறந்து சாப்பிடும் வரைக்கும் வேண்டிய புரதத்தை முட்டைக்குள் கட்டி வைத்துத்தான் போயிருந்தது. பேராசிரியை தோளில் தட்டிக் கொடுத்தார். ஜீவராணிக்குச் சந்தோஷம்தான். மனசு மட்டும் மாட்டுக் கொட்டகையிலேயே நின்றது.

சினை பிடிக்காவிட்டால் மூன்று வாரத்தில் மாடு மறுபடியும் கத்தும். அந்த நாட்களில் அவள் தொலைபேசியைக் கையை விட்டு வைக்கவே இல்லை. சுட்டி கத்தவில்லை. ஆனாலும் வெள்ளையம்மா நம்பவில்லை. நம்பிக் கெட்டவள் அவள். ஜுனைதீன் வந்து கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். மாதங்கள் போயின.

ஒரு காலையில் அம்மாவே அழைத்தாள்.

"ராணி, நானா பாத்துட்டாரு. சினைதானாம். கன்னுக்குட்டிதானாம், வேற ஒண்ணும் இல்லியாம்."

வியாபாரி வந்தபோது, "விகுணன்னே நே", விற்பதற்கில்லை என்று அப்பா சிங்களத்திலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். இப்போது புல்லு அறுக்கப் போயிருக்கிறாராம், கேட்காமலேயே. ஜீவராணி ஆய்வுகூடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அழுவாதடி" என்றாள் வெள்ளையம்மா. "அந்த ஆம்பளச் சிப்பியத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல பய. தெரியாத்தனமா அடுத்தவங்க வீட்டுக்குள்ள வந்துட்டாலும், ஒண்ணையும் தொடாமப் போயிருக்கான்."