வளையல் கழற்றிய காலை

என் கோபம் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிரசித்தம். சிறுநீரகம் இரண்டும் போன பிறகும் அது மட்டும் பழுதாகவில்லை. வாரம் மூன்று நாள் பஸ் ஏறி ஓசூர் போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினில் கிடந்து, பிழிந்து போட்ட துணியாக வீடு திரும்புவேன். கம்பெனி வேலையும் போயிற்று. ஏழாவது மாதம் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"போதும் சார். இனிமே நான் வரல."

"நிறுத்தினா ரெண்டு வாரம் தாங்கறதே பெருசு, ஆனந்தராஜ்," என்றார் அவர். அப்புறம்தான் இன்னொரு வழியைச் சொன்னார். வயிற்றில் ஒரு குழாய் வைப்பார்கள். அதன் வழியாகப் பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் உடம்பின் கழிவும் கூடவே வந்துவிடும். வீட்டிலேயே செய்யலாம், நாளைக்கு நான்கு தடவை. ஆனால் பையை மாட்டுகிற கையில் துளி அழுக்கு இருந்தாலும் வயிற்றுக்குள் சீழ் பிடித்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

குழாயை வைத்தார்கள். என் கை நடுங்கியதால் என் மனைவி ஜோதிமணிதான் கற்றுக்கொள்ள வேண்டும். நர்ஸ் தர்ஷினிக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லை. ஒற்றை அறை வீடு, வாசலிலேயே ஆடு.

"அக்கா சரியா செஞ்சாத்தான் கையெழுத்துப் போடுவேன் அண்ணா. இல்லன்னா பழையபடி மிஷின்தான்."

நான் மிஷினுக்குப் போகப் போவதில்லை என்பது ஜோதிக்குத் தெரியும்.

பயிற்சியன்று காலை அவள் வார்டுக்குள் வந்தாள். என் கட்டிலோரம் நின்று, இரண்டு கை வளையல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. புருஷன் நோயில் கிடக்கும்போது எந்தப் பெண்டாட்டி வளையலைக் கழற்றுவாள்?

"என்னாடி பண்ற? நான் இன்னும் சாகலடி! அதுக்குள்ள என்னா அவசரம் உனக்கு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. என் அக்கா மாதம்மாள் பதறிப்போய், "அய்யய்யோ, போடு புள்ள, போடு," என்று வளையல்களை எடுத்து நீட்டினாள்.

ஜோதி வாங்கவில்லை. "எங்க கம்பெனி லைன்ல இப்படித்தான் அண்ணி. வளையலோட போனா உள்ளயே விட மாட்டாங்க," என்றாள்.

அவள் ஐந்து வருஷமாக செல்போன் பாகம் பூட்டும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரு தூசி விழுந்தால் மொத்தமும் வீண் என்று சொல்லுவாள். நான் காதில் வாங்கியதே இல்லை. முடியைத் தொப்பிக்குள் திணித்தாள். மாஸ்க் போட்டாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மூக்கு அரித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாளே தவிரத் தொடவில்லை. குழாயின் நுனி எதன் மீதும் படாமல் மாட்டினாள்.

தர்ஷினி மூன்று நாள் கூடவே நின்று பார்த்தாள். "அக்கா, எங்க புது சிஸ்டருங்களுக்கு நீங்களே கிளாஸ் எடுக்கலாம்," என்று கையெழுத்துப் போட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது ஆறு மாதமாகிறது. வெளியே வந்த தண்ணீர்ப் பையைச் செய்தித்தாள் மேல் வைத்து, அதன் வழியாக எழுத்தைப் படித்துப் பார்ப்பாள் ஜோதி. எழுத்து தெளிவாகத் தெரிந்தால் பயமில்லை. ஒரு நாளும் மங்கவில்லை. என் கை நடுக்கமும் நின்றுவிட்டது. அவள் ஷிப்டுக்குப் போனால் மதிய வேளையை நானே பார்த்துக்கொள்கிறேன், அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

நேற்று காலை அவள் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது பேச்செடுத்தேன். "நீ இல்லன்னா நான் மண்ணுக்குள்ள போயிருப்பேன் ஜோதி. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உன்னைப் பார்த்துக் கத்தினேனே..."

மாஸ்க்குக்கு மேலே கண்களை உருட்டி முறைத்தாள். மாட்டும்போது பேசக்கூடாது. வாயை மூடிக்கொண்டேன்.

மாட்டி முடித்தாள். தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கியதும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.