உத்தரவு வரும்வரை

பரிவட்டம் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். எங்கள் ஊரில் எவன் காதிலாவது ஏறினால்தானே? சாமியிடம் பூப்போட்டுக் கேட்டுவிட்டார்கள். இலையில் மடித்த இரண்டு பொட்டலத்தில் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளைப் பூ என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. வெள்ளை வந்ததாம். சாமியே சொன்ன பிறகு நான் யார் மறுக்க!

நான் ராணுவத்தில் ஹவில்தார். ஆப்பிரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடக்கும் ஒரு நாட்டுக்கு, நீலத் தொப்பி மாட்டி அமைதிப்படையில் அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்துப் போன வாரம்தான் எடப்புளி நாடு என்கிற எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பினேன். அதற்குள் கதை கட்டிவிட்டார்கள்.

"நம்ம பூபதி ஆயிரம் சனத்தைக் காப்பாத்திட்டு வந்திருக்கான் பாருங்க!" ஊர்க்கவுண்டர் அண்ணாமலை மைக்கில் முழங்கிக்கொண்டே என் தலையில் பரிவட்டப் பட்டுத்துணியைக் கட்டினார். கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கைப் பிடுங்கினேன்.

"ஒருத்தரைக்கூடக் காப்பாத்தலீங்க. துப்பாக்கிக்காரனுங்க ஊரைக் கொளுத்திட்டு வாரானுங்க. பொம்பளைங்களும் கொழந்தைங்களும் எங்க முகாமுக்கு ஓடியாந்து இரும்புக் கேட்டைத் தட்டுறாங்க. தெறக்கறதுக்கு மேலிடத்து உத்தரவு வரோணுமாம். அதுவரைக்கும் பார்த்து எழுதுன்னானுங்க. எழுதுனோம். எத்தனை மணிக்கு வெட்டுனான், எத்தனை பேரு விழுந்தாங்கன்னு மணி போட்டு எழுதுனோம். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு வருது உத்தரவு. தூ!"

கூட்டம் கொதித்தது. "நாசமாப் போறவனுங்க," என்று அண்ணாமலை மேலிடத்தைத் திட்டினார். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. பழி என்மேல் இல்லை என்று யாராவது சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் அத்தனையும் கத்தினேன்.

அப்பாவின் தங்கை பொன்னாயி முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"ஏஞ்சாமி, அந்தக் கேட்டுக்குத் தாப்பா எந்தப் பக்கம்?"

"உள்பக்கந்தான் அத்தை."

"அந்தத் தாப்பாகிட்ட நின்னது யாரு?"

வாயை மூடியிருக்கலாம். மைக் கையில் இருந்தது, ஊரே கேட்டது.

"நாந்தான். உத்தரவு இல்லாம நான் என்ன பண்ணுவேன்? வேலை போயிருக்கும், ஜெயில்ல போட்டிருப்பானுங்க!"

"போட்டிருப்பான்," என்றாள் அத்தை. "நீ உசுரோட இருந்திருப்பே. அதுங்களும் இருந்திருக்கும்."