தங்கச்சி வளைத்துப் பார்த்த மூன்று மென்பொருள்கள்

என் தங்கச்சி செருப்பு தைக்கிறவள். இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லாதவர்களுக்கு மட்டும். விபத்தில் பாதம் சிறுத்தவர்கள், பிறவியிலேயே ஒரு கால் குட்டையானவர்கள் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். அவர்களுக்கு வழி காட்டுவது ஒரு வலைத்தளம். கட்டியவன் நான். பதினோரு வருடமாக அலுவலகத்திலும் இதே வேலைதான். அந்தத் தளத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமென்றாலும் அவள் என்னைத்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அதில் பெருமை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே.

போன மாதம் அந்தப் பெருமைக்கு மூக்கு உடைந்தது. அவள் கடையை வேறு தெருவுக்கு மாற்றினாள். புது முகவரியைப் போடச் சொல்லி இரண்டு தடவை செய்தி அனுப்பினாள். 'நாளைக்கு, நாளைக்கு' என்றேன். அப்புறம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அதற்குள் ஓர் அம்மா ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி வந்து, பழைய கடையின் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். போனில் திட்டக்கூட இல்லையாம். "பரவாயில்லம்மா, எனக்குப் பழக்கம்தான்" என்றாராம்.

தங்கச்சியும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இனிமே நானே மாத்திக்கணும். எனக்கு ஒரு சாஃப்ட்வேர் பாத்துக் குடுண்ணா. அந்தம்மாகிட்ட புது அட்ரஸ் சொன்னேன். 'முதல்ல உங்க வெப்சைட்ல வரட்டும், திங்கக்கிழமை பாத்துட்டுக் கிளம்புறேன்'னுட்டாங்க. ஒரு தடவ ஏமாந்தவங்க இல்ல?"

சனிக்கிழமை மடிக்கணினியோடு அவள் பட்டறைக்குப் போனேன். பசை வாடை மூக்கைத் துளைத்தது. தோல் துண்டுகளைத் தள்ளி இடம் பண்ணினாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரி செருப்பு வந்தால் பளபளப்பைப் பார்க்க மாட்டாள். இரண்டாக வளைப்பாள், ஒரு தையலைப் பிரித்து மறுபடி தைப்பாள். தாங்கினால்தான் உள்ளே வரும். மென்பொருளுக்கும் அதே மரியாதைதான் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் என் செல்லத்தைத் திறந்தேன். எல்லாவற்றையும் நாமே நிரலாக எழுதுவது. "இதுல வராததே கிடையாது" என்று அளந்துகொண்டிருந்தேன். அவள் ஒரே ஒரு குறியை அழித்தாள். பாதிப் பக்கம் காணோம்.

"என்னண்ணா, ஒரு தையல் விட்டா செருப்பே மாயமாயிடுது?"

அடுத்தது, படங்களைச் சுட்டியால் இழுத்து வைப்பது. மணப்பெண் மாதிரி மினுக்கியது. ஒரு செருப்புப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். போனில் பார்த்தால் அந்தப் படம் முகவரிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆர்டர் படிவத்திலும் கால் அளவுக்கு ஒரே கட்டம்தான்.

"என்கிட்ட வர்றவங்களுக்கு ஒரு கட்டம் எப்படிப் போதும்?" என்று அதையும் ஒதுக்கினாள்.

மூன்றாவதை ஒப்புக்குத்தான் கொண்டுபோயிருந்தேன். கட்டம் கட்டமாக, விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கும். நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். பழைய தளத்திலிருந்த எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் அவள் மொத்தத்தையும் அழித்துச் சேமித்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"பிரிச்சேன்."

ஓரத்தில் பழைய பதிப்புகளின் பட்டியல் இருந்தது. ஒன்றை அழுத்தினாள். பக்கம் அப்படியே திரும்பி வந்தது. அளவுக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தாள்: இடது, வலது. "இது போதும்" என்றாள்.

"பாக்க நல்லாவே இல்லியே."

"வர்றவங்க பக்கத்தையா கால்ல மாட்டிக்கிட்டு நடக்கப் போறாங்க?"

முகவரியை நானே மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம், தான் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. எங்காவது மாட்டிக்கொண்டு கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே சரி. அழைப்பு வரவில்லை. பதினொரு மணிக்கு நானே பக்கத்தைத் திறந்தேன்.

புது முகவரி இருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'வாசலில் இரண்டு படி உண்டு. மணி இடது பக்கம், உட்கார்ந்தபடியே எட்டும். அடியுங்கள், நான் வெளியே வந்து அளவெடுக்கிறேன்.'

பதினோரு வருடத்தில் யாருடைய வாசலிலும் எத்தனை படி என்று நான் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் கை சும்மா இருக்குமா? ஒரு படம் லேசாகக் கோணியிருந்தது. சரிசெய்யலாம் என்று போனால் கடவுச்சொல் செல்லாது என்றது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"பாஸ்வேர்ட மாத்திட்டியா?"

"நீதான சொன்ன, யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு."

"நான் யாரோவா?"

அவள் பதில் சொல்வதற்குள் அங்கே மணி அடித்தது. "அண்ணா, வந்துட்டாங்க" என்று போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள்.

"இருங்கம்மா, இதோ நான் வெளிய வரேன்."

"வேணாம்மா. ரெண்டு படின்னு போட்டிருந்தீங்களே, பாத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டுன்னா நானே ஏறிடுவேன்."

ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.